குரங்குப் பாடமும் ஒரு கிரானைட் துண்டும்

நாள் முழுக்க வெயிலில் காய்ந்த கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் எழும்பும் மணம் ஒன்று உண்டு. மழை பட்ட மண்ணின் மணம் அல்ல அது, கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் வெடிமருந்துப் புகையும் கொஞ்சம் சூடான புழுதியும் கலந்து மூக்கின் உச்சியில் போய் உறைக்கும். எண்பதுகளின் நடுவில் பர்கூரில் வளர்ந்த எங்களுக்கு அதுதான் வியாபாரத்தின் மணம். குவாரியிலிருந்து வெட்டி இறக்கிய கல்லை வாங்க வருகிறவர் முதலில் தண்ணீர் கேட்பார், குடிப்பதற்கு அல்ல, கல்லின் மேல் ஊற்றுவதற்கு. ஈரத்தில்தான் கல்லின் உண்மையான நிறமும் அதில் ஓடும் மயிரிழை விரிசலும் தெரியவரும். பார்த்து, பேசி, விலை படிந்துவிட்டால் வாங்குகிறவரும் விற்கிறவரும் அந்த ஈரக் கல்லின் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். அதற்குக் "கல் தட்டுறது" என்று பெயர். தட்டிய பிறகு மாறக் கூடாது. அறுக்கும்போது உள்ளே விரிசல் கிடந்தாலும் வாங்கியவர் வாய் திறக்கக் கூடாது, மறுநாள் இன்னொருவர் அதிக விலையோடு வந்து நின்றாலும் விற்றவர் அசையக் கூடாது. "கல்லத் தட்டிட்டு மாறினவன் சோறும் கல்லாப் போவும்" என்பது அங்கே எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

இந்த வழக்கத்தைப் பற்றி இப்போது யாராவது பேச்சை எடுத்தால் கேட்பவர்கள் உருகிப்போகிறார்கள். அந்தக் காலத்து நாணயம், அந்தக் காலத்து வாக்குச் சுத்தம் என்று தலையை ஆட்டுகிறார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் அப்படித் தட்டப்பட்ட கல்லொன்றின் மேல் விலையாக வைக்கப்பட்டது என் படிப்பு.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடை இருந்தது. குவாரிக்காரர்களுக்கு வேண்டிய கடப்பாரை, சம்மட்டி, உளி, கல்லைப் பிளக்கும் ஆப்பு, கைத்தடிமன் வடக்கயிறு எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழியிலும் அத்தாவால் பேரம் பேச முடியும், நான்கிலும் வாதாடவும் முடியும். அந்த இரண்டாவது வேலையில்தான் அவருக்கு ருசி அதிகம். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு வாதாட நேரம் இருப்பதில்லை என்பது அவருடைய நெடுநாளைய குறை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தார் எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியர் சுடலைமுத்து சார். திருநெல்வேலிக்காரர், குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, எங்கள் கடைக்கு எதிர்மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். பழுத்த நாத்திகர். மாலையில் பள்ளி விட்டதும் நேரே எங்கள் கடைக்கு வந்து கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிடுவார். "கடவுளே இல்லங்கிறீங்க, பேரு மட்டும் சாமி பேரா வெச்சிக்கினு திரியிறீங்களே சார்" என்று அத்தா முதல் நாளே சீண்ட, "பேர எங்கப்பன் வச்சான்வே, புத்திய நான் வச்சேன்" என்று அவர் திருப்பிக் கொடுக்க, அன்றைக்கு ஆரம்பித்த நட்பு அது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்த வருடம் அந்த நட்புக்குப் பித்துப் பிடித்தது. எங்கள் உயிரியல் பாடத்தில் பரிணாமம் என்று ஒரு பகுதி வரும். குனிந்து நடக்கும் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து கடைசியில் மனிதனாக நிற்கும் படமும் அதில் இருக்கும். ஊரில் அதற்குக் "குரங்குப் பாடம்" என்று பெயர். ஒருநாள் என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். எதிர்மாடிக்கு அப்போதே ஆள் போயிற்று.

அத்தாவின் கட்சி எளிமையானது. படைத்தவன் மண்ணெடுத்து ஆதமைப் படைத்தான், ஆதமின் பிள்ளைகள் நாம், கதை முடிந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதையே ஒரு வருடம் முழுக்கக் கேட்டார்: "குரங்குதான் மனுசனாச்சுன்னா, அந்த மலைமேல இன்னும் குரங்கு இருக்குதே, அதுங்களுக்கு மட்டும் ஆர்டர் வரலியா சார்?" கேள்வியில் தப்பே இல்லை. பதிலும் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது; இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை, இரண்டுக்கும் வெகு தொலைவில் பொதுவான ஒரு மூதாதை உண்டு, பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை போல என்று சொல்லியிருந்தால் அத்தாவுக்குப் புரிந்திருக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் புரிந்திருக்கும். சார் அதைச் சொல்ல மாட்டார். சொன்னால் வாதம் முடிந்துவிடுமே. "அறியாமைய மூட்ட கட்டி வச்சிருக்கேரே பாய்" என்று தொடையில் அடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் அளந்து படைச்சவரு, ஒண்ணுக்கும் உதவாத குடல்வாலை எதுக்குவே படைச்சாரு?" என்று வேறு பக்கம் தாவுவார். "உங்க வாயப் படைச்சானே, அதே மாதிரிதான்" என்பார் அத்தா. கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். இப்படியே தேநீர் மேல் தேநீராக இருட்டும்வரை போகும்.

இவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தால் எனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு பேருக்கும் தபால்காரியும் நானே, தபால் பெட்டியும் நானே. காலையில் வகுப்பில் சார் என்னைத்தான் எழுப்புவார்: "ஏட்டி ஜமீலா, மனுசன் எப்படி வந்தான்னு சொல்லு, உங்க அத்தாட்டயும் போய்ச் சொல்லு." சாயங்காலம் கடையில் அத்தா, நாலு லாரி டிரைவர்கள் முன்னால், "பாப்பா, மனுசன் எப்படிம்மா வந்தான், சார் காதுல விழற மாதிரி சொல்லு" என்பார். ஒரே நாளில் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் மனிதப் பிறவியாக வந்து சேர்ந்து எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று அந்த இரண்டு பேரில் ஒருவர், ஒரே ஒரு நாள், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் தொழவும் செய்தேன், பள்ளியில் இருந்த ஒரே நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்து வாயடைத்தும் நின்றேன். இரண்டும் எனக்குள் சண்டை போடவில்லை. சண்டையெல்லாம் கயிற்றுக் கட்டின் மேல்தான் நடந்தது.

அத்தா பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜரத்திடமும் போய்க் கேட்டார். அவர் அமைதியான மனிதர். "பிள்ள பரீட்சைக்குப் படிக்குது பாய், நல்லா படிக்கட்டும், துஆ செய்யிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆயுதம் வாங்கப் போனவருக்கு ஆறுதல் கிடைத்ததில் அத்தாவுக்கு ஏமாற்றம். அதன் பிறகு அந்தப் பக்கம் பேச்சை எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

வீட்டில் அம்மாவின் கருத்து வேறாக இருந்தது. "மண்ணுல இருந்து வந்தாங்களோ மரத்துல இருந்து வந்தாங்களோ, இந்த ரெண்டு பேரும் என்னிக்கு வூட்டுக்கு வந்து சோறு தின்னுவாங்க, அத சொல்லு மொதல்ல" என்பாள், ஆறிய குழம்பை மூன்றாம் தடவையாகச் சூடுபண்ணிக்கொண்டே.

எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப்பில் சேர வேண்டும். எங்கள் ஊரில் அன்றைக்குப் பெண்பிள்ளைகளுக்கு அது இல்லை. கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போய்வர வேண்டும். ஒரு பெண்பிள்ளை தினமும் பஸ் ஏறுவதா என்று உறவில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். அத்தா "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் முக்கால்வாசி சரி என்று பொருள். மிச்சமிருந்த கால்வாசியை மதிப்பெண் வாங்கி நிரப்பிவிடலாம் என்று நான் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் முனியப்பா அந்தக் கல்லைக் கொண்டுவந்தார்.

முனியப்பா குவாரியில் ஆப்பு அடித்துக் கல் பிளக்கிறவர். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார். மழுங்கிய உளியை மாற்ற வந்தவர், பார்க்க அழகாக இருக்கிறது, கடையில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சாண் நீளக் கல் துண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இளஞ்சிவப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடும் எங்கள் ஊர் கிரானைட்தான். அதன் ஒரு முகத்தில், ஓரத்திலிருந்து உள்நோக்கி, கறுப்பாக ஒரு செடி. கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னும் சின்னக் கிளை என்று, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த பெரணி இலை போலவே இருந்தது.

சார் அதைப் பார்த்த வேகத்தில் கையிலிருந்த தேநீரைக் கீழே வைக்க மறந்து மடியில் கொட்டிக்கொண்டார். "பாய், இது என்னன்னு தெரியுமாவே உமக்கு? புதைபடிவம்! கோடி வருசத்துக்கு முன்ன இருந்த செடி, மண்ணுல புதைஞ்சு கல்லாப் போயிருக்கு. உம்ம ஆதம் வாறதுக்கு முன்ன உள்ள செடிவே!" அத்தா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லுல செடி எப்படி சார் மொளைக்கும்? இது ஏதோ கறை. படைச்சவன் வரைஞ்ச கோலம்னு வெச்சிக்குங்க." செடி, கறை, செடி, கறை என்று குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நான் மூன்றாவது தேநீரைக் கொண்டுபோய் வைத்தபோது கடைவாசலில் பத்து பேர் கூடியிருந்தார்கள்.

அந்தக் கூட்டம்தான் கெடுத்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, கூட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் அதைச் செய்திருப்பார்கள். அத்தா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கல்லின் மேல் ஊற்றினார்.

"இது செடிதான்னு முடிவாச்சுன்னா, நீங்க சொல்றதெல்லாம் நெசம்னு ஒத்துக்கிறேன். எம்பொண்ண கிருஷ்ணகிரிக்கு அனுப்பி சயின்ஸ் குரூப்லயே சேக்கிறேன். செடி இல்லன்னு ஆச்சுன்னா, அவ சயின்ஸ் பக்கம் தலவெச்சுப் படுக்கக் கூடாது, நீங்களும் அதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தட்டுறீங்களா?"

கூட்டத்தில் ஒருவர், பந்தயம் கட்டுவது ஆகாதே பாய் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "காசு வெச்சாதாம்பா சூது, இது வார்த்தை" என்று அத்தா அவரை அடக்கிவிட்டார்.

நான் அங்கேயே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். சார் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். இந்தப் பிள்ளையின் படிப்பை எதற்கு இதில் இழுக்கிறீர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் ஆடு வெட்டினாலும் தேங்காய் உடைத்தாலும் மூடப் பழக்கம் என்று முழங்கும் மனிதர், "தட்டுதேன்வே" என்று சொல்லி, ஈரக் கல்லின் மேல் ஓங்கித் தட்டினார். அத்தாவும் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்ற பூரிப்பில் இரண்டு முகமும் விளக்கேற்றியது போல் இருந்தது. தீர்ப்புச் சொல்ல, குவாரிகளை அளக்க மாதம் ஒருமுறை வரும் "ஜியாலஜி ஆபீசர்" என்று முடிவாயிற்று. அவர் வர இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் முதல் நான்கு நாள் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதை மறைக்கக் கூடாது. சார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும், ஆபீசர் வந்து செடி என்று சொல்லிவிடுவார், உறவுக்காரர்களின் முணுமுணுப்பெல்லாம் கல் தட்டிய வார்த்தைக்கு முன்னால் நிற்காது, நான் கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தீட்டிய உளிகளைக் குவாரியில் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மாவையும் என்னையும் அத்தா அனுப்பினார். அம்மா நிழலில் உட்கார்ந்துகொள்ள, நான் முனியப்பாவிடம் அந்தக் கல் எங்கே கிடைத்தது, அதுபோல் இன்னும் செடி கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "செடியா? லேதும்மா. அது தண்ணி போன கறை. வா, காட்றேன்." உடைந்த கல்லைக் கொட்டி வைத்திருந்த மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒன்றல்ல, நூறு செடி. பெரணி போல, பாசி போல, மரம் போல. எல்லாம் விரிசல் விட்ட முகத்தில் மட்டும். "வெடிப்பு இருக்கிற எடத்துல தண்ணி பூந்து போவும், போறப்ப இந்தக் கறைய உட்டுட்டுப் போவும். வெடிப்பு இல்லாத கல்ல எத்தினி பொளந்திருப்பேன், உள்ள ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார். ஒரு துண்டை எடுத்துச் சம்மட்டியால் தட்டி இரண்டாக்கிக் காட்டினார். உள்ளே பளிச்சென்று சுத்தமான கல். நான் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். ஒன்றில்கூட இலை நரம்பு இல்லை. ஒன்றில்கூட வேர் இல்லை. எல்லாச் செடியும் கல்லின் ஓரத்தில், தண்ணீர் நுழைந்த இடத்தில்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து பழைய புவியியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாறை வகைகள் பற்றிய பாடம். கிரானைட் தீப்பாறை, பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகியது, தீப்பாறையில் உயிர்களின் படிவம் இருக்காது. முந்தைய வருடம் நானே பென்சிலால் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்த வரி. இரண்டு பெரிய மனிதர்கள் பத்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்ட விஷயம், சின்ன வகுப்புப் புத்தகத்தில் இருந்தது. ஒருவர் பாடப் புத்தகத்தையே நம்பாதவர். இன்னொருவர் எல்லாப் புத்தகமும் படித்துவிட்டதாக நம்புகிறவர்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "வாய மூடிக்கினு இரு. யாருக்கும் சொல்லாத. ஆபீசர் வர்றதுக்குள்ள அந்தக் கல்ல ஜல்லி லாரியில போட்டு அனுப்பிடறேன். கல்லே இல்லன்னா பேச்சும் இல்ல" என்றாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் புத்திசாலித்தனமான யோசனை அது. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்த யோசனைக்கு வேலையில்லாமல் போயிற்று. சார் காலையிலேயே கடைக்குப் போய்க் கல்லை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார். நாற்பது பிள்ளைகள் முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, புதைபடிவம் எப்படி உண்டாகிறது என்று விளக்கி, "எல்லாரும் நோட்டுல எழுதுங்க: நம்ம பர்கூர் கிரானைட்டில் செடிகளின் புதைபடிவம் கிடைக்கிறது" என்றார். எல்லோரும் எழுதினார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளை செடியின் படம்கூட வரைந்தாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடலாம், ஒரு வரிதானே என்று நினைத்தேன். அம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கிருஷ்ணகிரி பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இந்த நாற்பது பேரும் இதைப் பரீட்சையில் எழுதுவார்கள், நாளைக்குத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன். வெங்காயத் தோலை வைத்து, "உள்ளத உள்ளபடி பாரு, உனக்குத் தோணுனதப் பாக்காத" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதே மனிதர்தான்.

எழுந்தேன். "சார், கிரானைட்டு தீப்பாறை சார். அதுல புதைபடிவம் இருக்காது. இது வெடிப்புல தண்ணி போன கறை. குவாரியில இதுமாதிரி நூறு கல்லு கெடக்குது. நான் பாத்தேன்."

சாரின் முகம் சிவந்தது. கல்லை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்தார். அவர் கரும்பலகையில் எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அழித்தார். "ஜமீலா சொல்லுததுதான் சரி. எல்லாரும் அந்த வரிய அடிச்சிருங்க" என்றார். நாற்பது நோட்டிலும் பேனா கோடு கிழிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கணத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்ல? அழுகையே வந்துவிட்டது.

அந்த மரியாதை சாயங்காலம்வரை தாங்கியது. பள்ளி விட்டதும் சார் கல்லோடு நேரே கடைக்குப் போனார். ஆபீசர் வரட்டும் என்று அவர் காத்திருந்திருக்கலாம். பந்தயத்தை ரத்து செய்வோம், இந்தப் பிள்ளையைப் பாரும் பாய் என்று சொல்லியிருக்கலாம். அவரோ ஊர் கேட்கும்படி, "பாய், நான் தோத்துட்டேன்வே! இது செடி இல்ல. என்னைத் தோக்கடிச்சது யாரு தெரியுமா, உம்ம மக!" என்று அறிவித்தார். தப்பை ஒத்துக்கொள்ளும் அறிவுலக நேர்மை அவர் முகத்தில் அப்படி ஜொலித்தது. அத்தா என்னைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தார். "எம்பொண்ணு! எம்பொண்ணுதான் சாருக்கே பாடம் சொல்லிக் குடுத்தா!" என்று கடைவீதி முழுக்கத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். என் தலையில் கை வைத்துக்கொண்டே கூட்டத்துக்கு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அந்த இரண்டு பேரின் சந்தோஷத்துக்கும் அன்றைக்கு அளவே இல்லை.

இரவு சோற்றுத் தட்டின் முன்னால் நான் கேட்டேன். "அத்தா, கல்லு செடி இல்லங்கிறதால பாடம் பொய்யாயிடாது. கல்லு வேற, பாடம் வேற. என்னை சயின்ஸ்ல சேத்து விடுவீங்கல்ல?" அத்தாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அதுவரை அந்தப் பக்கத்தை அவர் யோசித்தே பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "கல்லத் தட்டியாச்சே பாப்பா" என்றார் மெதுவாக.

அம்மா வெடித்தாள். "தட்டுனது நீங்க ரெண்டு பேரும். அவளா தட்டுனா? உங்க கல்லுக்கு எம்பொண்ணு எதுக்கு வெல குடுக்கணும்?" அத்தா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். கடைசியில், "பத்து பேரு பாக்கத் தட்டினது. இன்னிக்கு மாறினா நாளைக்கு எவன் நம்மள நம்பி சாமான் வாங்குவான்? மூணாவது குரூப்பு நம்ம ஊர்லயே இருக்குது, பஸ்ஸு ஏறவேணாம், நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவர் கொடுமைக்காரர் அல்ல. கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

நான் சாரிடமும் போனேன். அத்தாவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். "பேசக் கூடாதுன்னு தட்டிட்டேன்லாட்டி. சொன்ன சொல்லுனு ஒண்ணு இருக்குல்லா" என்றார். சாமியைக் கேள்வி கேட்டவர், சாத்திரத்தைக் கேள்வி கேட்டவர், ஒரு கருங்கல்லைத் தட்டியதைக் கேள்வி கேட்கத் துணியவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தை என்னால் இன்றைக்கும் முழுதாகத் தணிக்க முடியவில்லை. அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதே வகுப்பில் மறுபடி உட்காரவைத்தால் எழுந்து சொல்வேனா? சொல்வேன். அதுவும் சேர்ந்துதான் என்னை எரிச்சல்படுத்துகிறது.

வரலாறும் வணிகவியலும் படித்தேன், தேறினேன். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்பு வார்ப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று லென்சு வைத்துப் பார்க்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். மோசமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். நான் கேட்ட வாழ்க்கை அது இல்லை, அவ்வளவுதான்.

பர்கூருக்கு இப்போது போனால் எனக்கு வழி தெரிவதில்லை. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியதில் அத்தாவின் கடையும் சாரின் எதிர்மாடியும் சேர்ந்தே போயின. அந்த இடத்தில் லாரிகள் நிற்காமல் பறக்கின்றன. முனியப்பா வேலை செய்த குன்று தரைமட்டமாகி, அதற்குக் கீழும் போய், பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரும் பள்ளமாகக் கிடக்கிறது. கல்லை இப்போது கம்பியால் அறுக்கிறார்கள், போட்டோவில் பார்த்து வாங்குகிறார்கள், வாக்குக்குப் பதிலாக ரசீது வந்துவிட்டது. கல் தட்டுவது என்றால் என்ன என்று என் மகனுக்கே தெரியாது. போனது போகட்டும், அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப் போவதில்லை. அம்மா போனதற்குத்தான் அழுகிறேன்.

அத்தா எண்பது தாண்டி என்னோடுதான் இருக்கிறார். சார் திருநெல்வேலியில் மகன் வீட்டில். இரண்டு பேருக்கும் காது மந்தம் என்பதால் வாரத்துக்கு ஒருநாள் போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு அதே குரங்கையும் அதே ஆதமையும் வைத்துக் கத்துவார்கள். எங்கள் குடியிருப்பு முழுக்க அந்த வாதம் அத்துப்படி. போன வாரம், கத்திக் களைத்த ஒரு இடைவெளியில், சாரின் குரல் கேட்டது: "பாய், உம்ம மக நல்லாப் படிக்கிற புள்ளல்லா. அவ ஏன்வே சயின்ஸ் எடுக்காமப் போயிட்டா?"

தேநீரோடு உள்ளே நுழைந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நான் எவ்ளோ சொன்னேன் சார்" என்றார் அத்தா, வருத்தமாக. "அவதான் வேணாம்னுட்டா."

"ஆமாமா, எனக்கும் ஞாபகம் இருக்கு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கவே மாட்டேன்னுட்டா" என்றார் சார்.

நாற்பது வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் நான் கேட்டது அன்றைக்குத்தான்.